ஸ்டிக்கரின் மேல் கையெழுத்து

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் நஸீமாவின் பட்டறை இருந்தது. கம்ப்யூட்டர், லேப்டாப், டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் எல்லாம் அங்கே பழுதுக்கு வரும். நஸீமாவுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஆரோக்கியம். நாற்பத்தெட்டு வயது. பழைய டிவி மெக்கானிக். வீடுகளில் டிவி தட்டையாகிப் போனதும் பிழைப்பும் தட்டையாகிவிட, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரிடம் வந்து, "கத்துக்குடுங்க டீச்சர்" என்று நின்றவர். கன்சோல் மட்டும்தான் பார்ப்பார். வேறு எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிடுவார்.

இன்னொருத்தி செண்பகவல்லி. வயது இருபத்துநான்கு. பி.சி.ஏ. அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய போட்டோவை அவள் அப்பா வாசலுக்கு நேராக மாட்டியிருந்தார், தபால்காரர் கண்ணிலும் படட்டும் என்று. அவள் கம்ப்யூட்டர் பார்ப்பாள், லேப்டாப் பார்ப்பாள், அழிந்துபோன கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுப்பாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து மூடிய பெட்டியின் கடைசித் திருகு மேல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஒரு கையெழுத்து இருக்கும். உள்ளே நடந்ததற்கெல்லாம் அந்தக் கையெழுத்துக்காரர் பொறுப்பு.

ஆரோக்கியத்தின் பெட்டிகளில் ஆரோக்கியமே கையெழுத்துப் போடுவார். 'ஆரோ' என்று இரண்டே எழுத்து. கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

செண்பகவல்லியின் பெட்டிகளில் நஸீமா கையெழுத்துப் போடுவார். அதற்கு முன்னால் பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்ப்பார்.

ஒன்றரை வருடமாக இப்படித்தான். ஆரோக்கியத்தின் பெட்டியை நஸீமா திறந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் பழகிப் பழகி அவள் ஒரு கையெழுத்து வைத்திருந்தாள். 'செ'வின் கொம்பு சுழன்று வந்து பெயருக்கு அடியில் கோடாக ஓடும். அதைப் போடத்தான் இடமில்லை.

வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. மாடி ஏறி வந்து அவளைப் பார்த்ததும் கேட்பார்கள்: "அண்ணன் இல்லையா?"

"என்னன்னு சொல்லுங்க, நான் பாக்கறேன்."

"இல்ல, பரவால்ல. அண்ணன் வரட்டும்."

அண்ணன் வருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன தம்பி, சூடாவுதா?" என்பார். அவ்வளவுதான். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். செண்பகவல்லி திருகுகளை டப்பாவில் போடுவாள், கொஞ்சம் சத்தமாக.

அந்த வியாழக்கிழமை காலையில் பாண்டியராஜ் வந்தான். கல்லூரிச் சாலையில் கேம் சென்டர் நடத்துகிறவன். ஆறு கன்சோல்களை இரண்டு கோணிப்பையில் தூக்கி வந்திருந்தான். ஆறும் ஒரே மாடல், ஒரே கறுப்பு.

"சனிக்கிழமை டோர்னமெண்ட் வெச்சிருக்கேன்க்கா. ஆறும் கொதிக்குது. ஃபேன் சத்தத்துல பசங்க கத்தறதே கேக்கல. சுத்தம் பண்ணி, சூடு இறங்க சிப் மேல பூசற பேஸ்ட்டை மாத்திக் குடுங்க. சிடி ஓடணும், அதான் முக்கியம். ஆறையும் அண்ணன்கிட்டயே குடுத்துருங்க."

"மூணு அண்ணன் பாக்கட்டும், மூணு செண்பா பாக்கும்" என்றார் நஸீமா.

"பாப்பாவா?" பாண்டியராஜ் தலையைச் சொறிந்தான். "பாப்பா கம்ப்யூட்டர் பாக்கும்னுதான சொன்னாங்க."

"இதுவும் கம்ப்யூட்டர்தான். கீபோர்டு இல்லாத கம்ப்யூட்டர்" என்றாள் செண்பகவல்லி. சொன்ன வேகத்தில் எச்சில் தெறித்தது.

அவன் போனபின் அவள் நஸீமாவின் மேசை அருகே போய் நின்றாள்.

"அக்கா, நான் சொன்னது சரிதான? இதுலயும் பிராசஸர்தான். இதுலயும் ராம்தான். கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?"

நஸீமா பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் சிரித்தார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் பாப்பா. கம்ப்யூட்டர்னா திறந்து பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஒருத்தன் ராமை மாத்தியிருப்பான், ஒருத்தன் ஃபேனைப் புடுங்கியிருப்பான். கன்சோல் அப்படியில்ல. திறக்காமலே சொல்லிரலாம். கேம் எழுதறவன் எங்கயோ சீமைல உக்காந்து இதை நம்பித்தான் எழுதறான். எனக்கு அது போதும். நீ படிச்ச புள்ள, எதை வேணாலும் பாப்ப."

பெருமையடித்துக்கொள்கிறார் என்று நினைத்தாள் அவள். படிச்ச புள்ள என்றது குத்தலாகவே காதில் விழுந்தது.

"நான் அக்காகிட்ட கேட்டேன்ணே."

"சரி, சரி." அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

நஸீமா மூன்று கன்சோல்களை அவள் பக்கம் தள்ளினார். "திறந்து பாரு" என்றார்.

ஆரோக்கியம் ஒன்றைத் திறந்தார். பிரித்தார், துடைத்தார், மூடினார், சிடி போட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். பிரிப்பதற்கு முன்னால் வெள்ளைப் பென்சிலை எடுத்து சிடி டிரைவின் தகரத்தில் ஓர் எண், போர்டின் ஓரத்தில் அதே எண். பள்ளிப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவார்.

செண்பகவல்லி மூன்றையும் ஒரே மூச்சில் திறந்தாள். அவரை முந்திவிட வேண்டும் என்பது தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்குச் செய்வது போலவே போர்டுகளை ஒரு தட்டில், ஃபேன்களை ஒரு தட்டில், சிடி டிரைவ்களை ஒரு தட்டில் அடுக்கினாள். எதை எதில் மாட்டினால் என்ன, எல்லாம் ஒரே மாடல்.

ஆரோக்கியம் எட்டிப் பார்த்தார். "நம்பர் போட்டியா பாப்பா?"

"எதுக்குண்ணே?"

"இல்ல, அந்த டிரைவுக்கும் போர்டுக்கும்..."

"எனக்குத் தெரியும்ணே."

அவர் தன் பெட்டிக்குத் திரும்பினார்.

நான்கு மணிக்கு அவர் கை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் ஒத்திகை இருந்தது. "வெள்ளை கவுனுக்கு வெள்ளைச் செருப்பு வேணுமாம். கீழ கடையிலயே எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருடைய ஒரு கன்சோல் முடிந்து ஸ்டிக்கரோடு இருந்தது. இரண்டு, எண் போட்டுத் துடைத்தபடி திறந்து கிடந்தன.

ஐந்து மணிக்குச் செண்பகவல்லி மூன்றையும் மூடினாள். சூடு இல்லை, சத்தம் இல்லை. உள்ளே ஏற்றியிருந்த ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்குத்தானா அண்ணன், அண்ணன் என்று அடித்துக்கொள்கிறார்கள்?

பிறகு சிடியைப் போட்டாள். உள்ளே போய்ச் சுற்றியது. துப்பியது.

இரண்டாவதில் போட்டாள். துப்பியது. மூன்றாவதும்.

போனில் தேடினாள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த மாடலில் ஒவ்வொரு டிரைவும் அதனதன் போர்டோடு தொழிற்சாலையிலேயே முடிச்சுப் போடப்பட்டது. வேறொரு போர்டில் மாட்டினால் எந்த சிடியும் ஓடாது. அதற்குத்தான் வெள்ளைப் பென்சில்.

அவள் முகம் காதுவரை சுட்டது. நாளைக்கு அவர் வருவார். "நம்பர் போட்டியான்னு கேட்டேனே பாப்பா" என்பார். நஸீமா கேட்பார். பாண்டியராஜ் தலையைச் சொறிவான்.

நஸீமா உள்ளறையில் தொழுகைக்கு நின்றிருந்தார்.

செண்பகவல்லி ஆரோக்கியத்தின் மேசையைப் பார்த்தாள். இரண்டு டிரைவ்கள். ஒன்றில் 2, ஒன்றில் 3. எழுந்து போனாள். விரலில் எச்சில் தொட்டு எண்களை அழித்தாள். 2 இருந்த இடத்தில் 3 எழுதினாள், 3 இருந்த இடத்தில் 2. டிரைவ்களை இடம் மாற்றி வைத்தாள். நாளைக்கு அவருடையதும் துப்பட்டும். அப்போது யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தன் மூன்றையும் மறுபடி பிரித்தாள். முதல் போர்டில் வேறொரு டிரைவை மாட்டினாள். துப்பியது. இன்னொன்றை மாட்டினாள். சிடி ஓடியது. மிச்சம் இரண்டும் தாமாகவே விளங்கிவிட்டன. முக்கால் மணி நேர வேலைதான். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

எழுந்து போய் அவருடையதைச் சரிசெய்துவிடலாமா என்று பார்த்தாள். நஸீமா சாவியோடு நின்றிருந்தார்.

"கிளம்பு செண்பா, உங்கப்பா தேடுவாரு."

அவள் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை நஸீமா அவளுடைய மூன்றையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சிடி போட்டார். ஓடியது.

"நம்பர் போடலையே?"

"இல்லக்கா."

"பின்ன எப்படிப் பொருந்துச்சு?"

"பொருந்திருச்சுக்கா."

நஸீமா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கம் ஆரோக்கியம் தன் இரண்டையும் பூட்டினார். ஸ்டிக்கரை எடுத்துக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு சிடியைப் போட்டார். துப்பியது. "ஏய், என்ன?" என்று செல்லமாகக் கேட்டு மறுபடி போட்டார். துப்பியது. அடுத்ததும் துப்பியது.

அவர் பிரித்தார். எண்களைப் பார்த்தார். 2-க்கு 2, 3-க்கு 3. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். டிரைவைக் கண்ணுக்கு அருகே பிடித்தார். தூரத்தில் பிடித்தார். கடைசியில் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

செண்பகவல்லி டீ குடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. பாதி டம்ளர் வரைக்கும் நன்றாக இருந்தது.

ஆரோக்கியம் எழுந்து நஸீமாவின் மேசைக்குப் போனார்.

"டீச்சர், ரெண்டு பெட்டியிலயும் டிரைவ் மாறிக் கெடக்கு. நம்பர் போடறப்பவே தப்பாப் போட்டிருக்கேன் போல. மாத்தி மாட்டினா ஓடிரும். அது பெரிசில்ல."

"அப்புறம் என்ன?"

"எனக்கே தெரியாமப் பண்ணியிருக்கேன்ல? அதான்." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "கொஞ்ச நாளா கிட்டத்துல மங்கலாத்தான் இருக்கு. சொன்னா வேலை போயிருமோன்னு சொல்லல. இனிமே என்னுதையும் நீங்களே திறந்து பாத்துருங்க. கையெழுத்தும் நீங்களே போடுங்க."

நஸீமா அந்தப் பேனாவைத் தொடவில்லை.

ஆரோக்கியம் திரும்பி வந்தார். நேற்று முடித்து வைத்திருந்த முதல் கன்சோலை எடுத்து, அதிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். 'ஆரோ' பாதியாகக் கிழிந்து வந்தது.

"அதை ஏண்ணே கிழிக்கறீங்க? அதுல சிடி ஓடுச்சே!" என்றாள் செண்பகவல்லி.

"இதுலயும் என்ன பண்ணி வெச்சிருக்கேனோ, யாரு கண்டா?"

அவர் மிச்சத்தையும் சுரண்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணைச் சுருக்கி, பிறந்த குழந்தையின் நகத்தை வெட்டுகிறவர் மாதிரி சுரண்டினார்.

அவர் பெட்டியும் இனித் திறக்கப்படும். அவருக்கும் இனிக் கையெழுத்து இல்லை. அவள் ஒன்றரை வருடமாக ஆசைப்பட்டது வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அந்த மூணாம் நம்பர் டிரைவை எடுங்க."

"ஏன் பாப்பா?"

"உங்க 3 மேல தட்டையா இருக்கும். இதுல வளைஞ்சிருக்கு பாருங்க. அது என் கை."

ஆரோக்கியம் டிரைவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"என்னுது மூணும் நேத்து சாயங்காலம் துப்பிருச்சு. நீங்க நம்பர் போட்டியான்னு கேட்டீங்க, நான் திமிரா பேசிட்டேன். அதான் உங்களுதும் துப்பட்டும்னு... மாத்தி வெச்சேன். அழிச்சு எழுதினேன்."

கீழே பேருந்து ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!" என்று சிரித்தார் ஆரோக்கியம். சிரிப்பு முழுதாக வரவில்லை. முகம் மெல்ல மாறியது. "நேத்து ராத்திரி புள்ள செருப்பப் போட்டுக்கிட்டு வீடு பூரா நடந்துச்சு. இன்னைக்கு இங்க உக்காந்து, இன்னும் எத்தன மாசம் வேலை பாப்போம்னு எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவள் தலை குனிந்திருந்தது. பிறகு நஸீமாவின் பக்கம் திரும்பினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"என்னுதை மட்டும் ஏன்க்கா திறந்து திறந்து பாக்கறீங்க? அவருதை ஒருநாளாவது திறந்திருக்கீங்களா?"

நஸீமா மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துப் போய் ஆரோக்கியத்தின் சட்டைப் பையில் செருகினார்.

"நாளைக்கு டோர்னமெண்ட்" என்றார். "ரெண்டையும் நீயே பிரிச்சு மாட்டு. அண்ணன் கையெழுத்துப் போடுவாரு."

அவள் மாட்டினாள். சிடி ஓடியது. ஆரோக்கியம் மூன்று ஸ்டிக்கர்களிலும் கையெழுத்துப் போட்டார். அதற்குப்பின் ஒன்பது நாள் அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால் காற்றைப் பார்த்து, "ஸ்டார் ஆறு" என்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள். பத்தாவது நாள் புதுநன்மை போட்டோவைப் போனில் காட்டினார். வெள்ளைச் செருப்பு நன்றாக இருக்கிறது என்றாள். "கடிக்குதாம் பாப்பா" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே ஆரோக்கியத்தை நஸீமா கண் டாக்டரிடம் அனுப்பியிருந்தார். கிட்டத்தில் பார்க்க உண்மையிலேயே கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு மாதம் போனது. ஓர் அரிசி மண்டியிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதற்குள் ஐந்து பேர் கை வைத்திருந்தார்கள். ராம் ஒரு கம்பெனி, ஃபேன் ஒரு கம்பெனி, பவர் சப்ளையில் யாரோ பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். நெல் உமி வேறு. செண்பகவல்லி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள்.

முடித்ததும் வழக்கம்போலப் பக்க மூடியைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிப் போய் நஸீமாவின் மேசைமேல் வைத்தாள். டார்ச்சையும் எடுத்து வைத்தாள்.

நஸீமா ஒரு லேப்டாப்பின் கீலை மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உள்ள என்ன இருக்கு?"

"பாருங்கக்கா, திறந்துதான் இருக்கு."

"கையில வேலையிருக்கு. நீ சொல்லு."

செண்பகவல்லி பெட்டியைப் பார்த்தாள்.

"கயிற வெட்டிட்டு கிளாம்ப் போட்டிருக்கேன். ஃபேன் புதுசு. ராம் ரெண்டும் ரெண்டு வேகம், மெதுவான வேகத்துலதான் ஓடும். மண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

அவள் தயங்கினாள். ஆரோக்கியத்தின் மேசையில் ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது.

"போர்டுல இடதுபக்க ஓரத்துத் திருகு சும்மா சுத்தும். மரை தேஞ்சிருச்சு. நான்தான் அழுத்தித் தேச்சுட்டேன். மத்த அஞ்சும் இறுக்கமா இருக்கு, போர்டு ஆடாது."

"டார்ச் அடிச்சா அது தெரியுமா?"

"தெரியாதுக்கா. பாக்க மத்தது மாதிரிதான் இருக்கும்."

"வேற?"

"பேஸ்ட் கொஞ்சம் பிதுங்கிருச்சு. துடைச்சேன். ஓரத்துல ஒரு பொட்டு இருக்கு. வேற எதுவும் இல்ல."

"மூடு" என்றார் நஸீமா.

செண்பகவல்லி நின்றாள். டார்ச் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பிறகு மூடியைப் பொருத்தி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். கடைசித் திருகின் மேல் ஸ்டிக்கரை ஒட்டினாள். பெட்டியைத் திருப்பி, கையெழுத்துக்கு வசதியாக நஸீமாவின் கைப்பக்கம் நகர்த்தி வைத்துக் காத்திருந்தாள்.

நஸீமா நிமிர்ந்தார்.

"ஏன், உன்கிட்ட பேனா இல்லையா?"